ரூ.1,499க்கு 450 ஃப்ரேசல் வெர்ப்: 45 நாள் வாட்ஸ்அப் கோர்ஸ் எப்படி இருந்தது?

போன மார்ச்சில் ஒரு புதன்கிழமை. இங்கிலாந்து கஸ்டமர் ஒருவர் போனை வைக்கும் முன் 'லெட்ஸ் கோ ஓவர் த டிராயிங்ஸ் டுமாரோ' என்றார். என் காதில் நின்றது 'ஓவர்' மட்டும். மேட்ச் ஓவர், சாப்பாடு ஓவர், படம் ஓவர் என்று சொல்லியே வளர்ந்த காது, வேறு எப்படிக் கேட்கும்? டிராயிங் விவகாரம் நாளையோடு முடிந்தது என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். மறுநாள் மதியம் மீட்டிங்கில் அவர் பம்ப் கேஸிங் டிராயிங்கைத் திரையில் விரித்து வைத்துக்கொண்டு ஃபிளாஞ்சில் எத்தனை ஓட்டை, இம்பெல்லர் விட்டம் எவ்வளவு, சீல் எந்த வகை என்று ஒவ்வொன்றாகக் கேட்க, நான் கையில் ஒரு தாள்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். 'கோ ஓவர்' என்றால் முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை சரிபார்ப்பது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பக்கத்தில் இருந்த மேனேஜர் மைக்கை அணைத்துவிட்டு, "ஏனுங்க, நேத்தே சொன்னாருங்களே, எடுத்து வெக்கலீங்களா?" என்றார். கோயம்புத்தூரில் திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்கள். அது இன்னும் கொஞ்சம் அதிகமாக வலிக்கும்.

பம்ப் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் எனக்குப் பதினாறு வருட வேலை. கொட்டேஷன் போடுவது, பேக்கிங் லிஸ்ட் அனுப்புவது, கன்டெய்னர் எங்கே நிற்கிறது என்று ஷிப்பிங் ஏஜென்டோடு மல்லுக்கட்டுவது, எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. பெரிய பெரிய வார்த்தைகளில் நான் தடுக்கி விழுவதில்லை. விழுவது எல்லாம் இரண்டாம் வகுப்பு வார்த்தைகளில்: கோ, கெட், புட், டேக், டர்ன். அந்தப் பக்கம் அப், அவுட், ஆஃப், ஓவர். இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தெரியும். சேர்த்து வைத்தால் அந்த இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத மூன்றாவது அர்த்தம் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. இப்படிச் சேர்ந்து வருவதைத்தான் ஃப்ரேசல் வெர்ப் என்கிறார்கள்.

அந்த வாரமே போனில் இந்த கோர்ஸின் விளம்பரம் வந்தது. (நான் புலம்பியது போனுக்குக் கேட்டிருக்கும் என்று என் பெண் சொல்கிறாள்.) நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் குறைதான் நிறைய சொல்லப் போகிறேன், அதோடு இந்த மாதிரி வாட்ஸ்அப் கோர்ஸ்கள் பலவும் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் வார்த்தவை. 45 நாள், ஒரு நாளைக்கு 10 ஃப்ரேசல் வெர்ப், மொத்தம் 450. காலை ஏழு மணிக்கு குரூப்பில் ஒரு பிடிஎஃப் வரும், ராத்திரி ஒன்பதுக்கு ஒரு க்விஸ், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஜூமில் வகுப்பு, கடைசியில் சான்றிதழ். ரூ.1,499. முதலில் ரூ.4,999 என்று எழுதி அதைக் கோடு போட்டு அடித்திருந்தார்கள், எப்போதும் அடிப்பதுபோல.

முதல் நாள் பிடிஎஃப்பைத் திறந்ததும் எனக்கு லேசாக சந்தேகம் வந்தது. அபைட் பை, அக்கவுன்ட் ஃபார், ஆக்ட் அப், ஆட் அப் என்று ஏ எழுத்தில் ஆரம்பித்தது. இரண்டாம் நாளும் ஏ. மூன்றாம் நாள் பி. அதாவது எங்கேயோ இருந்த அகரவரிசைப் பட்டியல் ஒன்றைப் பத்துப் பத்தாக நறுக்கி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் தினசரி புழங்கும் ஃப்ரேசல் வெர்ப்களில் முதலிடம் 'கோ ஆன்' என்பதற்கு. அது எங்களுக்கு வந்து சேர்ந்தது பதினேழாம் நாள். அதற்குள் குரூப்பில் பாதிப் பேர் க்விஸ் எழுதுவதையே நிறுத்தியிருந்தார்கள்.

இந்த 'முதலிடம்' நானாகச் சொல்வது இல்லை. டீ கார்ட்னர், மார்க் டேவிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2007இல் பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸை எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். அது பேச்சும் எழுத்துமாகச் சேர்த்துவைத்த 10 கோடி வார்த்தைக் களஞ்சியம். அதில் வரும் ஃப்ரேசல் வெர்ப்களில் பாதிக்கு மேல் வெறும் 100தான், அவையே திரும்பத் திரும்ப வருகின்றன. அப்புறம் 2015இல் மெலோடி கார்னியர், நார்பர்ட் ஷ்மிட் இருவரும் அதிகம் புழங்கும் 150ஐப் பொறுக்கி எடுத்து, அவற்றுக்கு உண்மையில் எந்த எந்த அர்த்தம் தேவைப்படுகிறது என்று பார்த்து, மொத்தமே 288 அர்த்தம் போதும் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். ஆளுக்கு இரண்டு அர்த்தம்கூட வரவில்லை. இப்படி ஒரு பட்டியல் இருக்கும்போது, 450 என்ற எண்ணை விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுவதற்காக எங்களை 'அபைட் பை'யிலிருந்து நடக்கவிட்டது அநியாயம்.

அர்த்தம் சொன்ன விதம் அதைவிட மோசம். ஒன்றுக்கு ஒரே ஒரு தமிழ் அர்த்தம். டேக் ஆஃப்: விமானம் புறப்படுதல். அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி க்விஸில் 'ஹி டுக் ஆஃப் ஹிஸ் ஷூஸ்' என்று வந்தது. ஷூ பறந்ததா என்று ஒருவர் குரூப்பில் கேட்டார், பதில் இல்லை. சட்டை கழற்றினாலும் டேக் ஆஃப், பில்லில் பத்து சதவீதம் குறைத்தாலும் டேக் ஆஃப், இரண்டு நாள் லீவு எடுத்தாலும் டேக் ஆஃப், வியாபாரம் திடீரென்று பிய்த்துக்கொண்டு போனாலும் டேக் ஆஃப். கஸ்டமர் 'கேன் யூ டேக் ஆஃப் ஃபைவ் பர்சென்ட்' என்று கேட்டு நான் விமானத்தை நினைத்தால் என் வேலை போய்விடும். சில இடங்களில் யாரோ மெஷினில் போட்டு மொழிபெயர்த்திருக்கிறார்கள் என்பது பளிச்சென்று தெரிந்தது. 'புட் அப் வித்' என்பதற்கு 'உடன் மேலே வை' என்று இருந்தது. சகித்துக்கொள் என்று அர்த்தம். அந்த பிடிஎஃப்பை நாங்கள் செய்தது அதைத்தான்.

எனக்குப் பிடித்த குளறுபடி 'கோ ஆஃப்'. பிடிஎஃப்பில் 'அணைந்துபோ' என்று போட்டிருந்தார்கள். தப்பு என்று சொல்ல முடியாது, லைட் கோ ஆஃப் ஆனால் அணைகிறது. ஆனால் அலாரம் கோ ஆஃப் ஆனால் அடிக்கிறது! குண்டு கோ ஆஃப் ஆனால் வெடிக்கிறது. இங்கிலாந்தில் பால் கோ ஆஃப் ஆனால் கெட்டுப்போகிறது. ஒரே சொல், ஒன்றில் அடங்குகிறது, இன்னொன்றில் அலறுகிறது. அலாரம் 'வென்ட் ஆஃப்' என்றால் நின்றுவிட்டது என்று நினைக்காத தமிழ் ஆள் ஒருவரைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை. நம் ஊரில் ஆஃப் என்றால் ஆஃப்தான், ஃபேனை ஆஃப் பண்ணு, மோட்டாரை ஆஃப் பண்ணு. இங்கே நின்று நிதானமாக விளக்க வேண்டிய இடம் இது. ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டார்கள்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். ஞாயிறு வகுப்பு நன்றாகவே இருந்தது. எடுத்த மேடம் பொறுமைசாலி. யாரும் கேமராவைப் போடாவிட்டாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசவைத்தார். இரண்டாவது வாரம் அவர் சொல்லிக்கொடுத்த ஒரு விஷயத்துக்காகவே ரூ.500 கொடுக்கலாம்: எதைப் பிரிக்கலாம், எதைப் பிரிக்கக் கூடாது. 'டர்ன் ஆஃப் த லைட்' என்றும் சொல்லலாம், 'டர்ன் த லைட் ஆஃப்' என்றும் சொல்லலாம். ஆனால் லைட்டுக்குப் பதில் 'இட்' வந்துவிட்டால் அது கட்டாயம் நடுவில்தான் உட்கார வேண்டும், 'டர்ன் இட் ஆஃப்'. 'டர்ன் ஆஃப் இட்' என்று நான் எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேனோ. இந்தப் பக்கம் 'லுக் ஆஃப்டர்' பிரியவே பிரியாது, 'லுக் ஆஃப்டர் ஹிம்' மட்டும்தான். 'புட் அப் வித்', 'ரன் அவுட் ஆஃப்', 'லுக் ஃபார்வர்ட் டு' மாதிரி மூன்று துண்டாக வருபவையும் அப்படியே. கடைசியாகச் சொன்னதில் இன்னொரு பொறி இருக்கிறது. 'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' என்று என் மெயில் ஒவ்வொன்றின் அடியிலும் போட்டு வந்தேன், 'ஹியரிங்' என்று வர வேண்டுமாம். பதினாறு வருட மெயில்கள். நினைத்தாலே கூசுகிறது.

அதே மேடம் மூன்றாவது வாரம் 'கோப் அப் வித்' என்றார். சமாளிப்பது என்பதற்கு வெறும் 'கோப் வித்' என்பதுதான் சரி. 'கேட்ச் அப் வித்', 'கீப் அப் வித்' இரண்டையும் கேட்டுக் கேட்டு நாம் இதிலும் ஒரு 'அப்' சொருகிவிட்டோம் போல. நான் சாட்டில் மெதுவாக எழுதினேன். "ஆமாங்க சார், கரெக்ட், பழக்கதோஷம்" என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அதில் எனக்கு அவர்மேல் மரியாதை கூடித்தான் போனது. அந்த பிடிஎஃப்பை எழுதியது அவர் இல்லை என்பதும் அந்தச் சிரிப்பில் தெரிந்தது.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். இந்த கோர்ஸ் தமிழர்களுக்காகவே தமிழில் எடுப்பது என்று விளம்பரம் செய்கிறார்கள், ஆனால் தமிழை அவர்கள் பயன்படுத்திக்கொள்ளவே இல்லை. அர்த்தம் எழுத மட்டும் தமிழ். நமக்கு இந்த சமாச்சாரம் புதுசு இல்லையே! எங்கள் ஃபவுண்டரியில் பீகாரிலிருந்து வந்து பத்து வருடமாக இருக்கும் மோல்டர் ஒருவர் இருக்கிறார், தமிழ் நன்றாகப் பேசுவார். வந்த புதிதில் யாரோ அவரிடம், சூப்பர்வைசரிடம் உன்னைப் போட்டுக் கொடுத்துவிட்டான் என்று சொல்ல, போடுவதும் தெரியும் கொடுப்பதும் தெரியும், யாரோ நமக்கு ஏதோ நல்லது செய்திருக்கிறான் என்று சந்தோஷமாக டீ வாங்கிக் கொடுத்தாராம். இப்போதும் சொல்லிச் சிரிப்பார். விட்டுக்கொடு, கைவிடு, வாங்கிக் கட்டிக்கொள், தூக்கி வாரிப்போடு. இதையெல்லாம் பிரித்துப் பிரித்து அர்த்தம் பார்த்தால் எங்கே போய் நிற்போம்? வாங்குவதற்கும் கட்டுவதற்கும் திட்டு வாங்குவதற்கும் என்ன உறவு? நாம் யாரும் கேட்டதில்லை, அம்மா வாயிலிருந்து முழுசாக வந்தது, முழுசாகவே எடுத்துக்கொண்டோம். ஃப்ரேசல் வெர்ப்பையும் அப்படி முழுசாக, ஒரு சம்பவத்தோடு எடுத்துக்கொண்டால்தான் ஒட்டும்.

இதைவிட ஆழமான ஒட்டுறவும் இருக்கிறது, இது எனக்கு முப்பதாவது நாள் வாக்கில் மொட்டை மாடியில் உட்கார்ந்து க்விஸ் எழுதும்போது உறைத்தது. 'ஈட்' என்றால் சாப்பிடு. 'ஈட் அப்' என்றால்? மேலே பார்த்துச் சாப்பிடச் சொல்லவில்லை, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்துவிடு என்று அர்த்தம். 'யூஸ் அப்', தீர்த்துவிடு. 'டியர் அப்', கிழித்துப் போடு. அதாவது நம்முடைய 'விடு', 'போடு' செய்கிற வேலையை அங்கே இந்தக் குட்டி 'அப்' செய்துகொண்டிருக்கிறது. 'ரைட் டவுன்', எழுதி வை. 'நோட் டவுன்', குறித்து வை. அங்கே டவுன், இங்கே வை. 'கேரி ஆன்', 'ரீட் ஆன்' என்பதில் வரும் 'ஆன்' நம்முடைய 'கொண்டே இரு'. 'புட் ஆஃப்' இருக்கிறதே, அது ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து 'தள்ளிப் போடு'! எல்லாவற்றுக்கும் இது பொருந்தாதுதான். 'மேக் அவுட்' (கஷ்டப்பட்டுப் புரிந்துகொள்வது) போன்றவற்றில் இந்த வித்தை பலிக்காது, நாலு தலைமுறை யோசித்தாலும் வராது. ஆனால் பாதிக்காவது பொருந்தும். எந்த வினையோடு வந்தாலும் 'அப்' பலமுறை முடிவைச் சொல்கிறது, 'ஆஃப்' பலமுறை விலகலையோ தடையையோ சொல்கிறது என்று பிடித்துக்கொண்டால், முன்பின் தெரியாத ஒன்று காதில் விழும்போது குத்துமதிப்பாகவாவது பிடித்துவிடலாம். ஒரு தமிழ் கோர்ஸ் முதல் நாளே சொல்லித்தர வேண்டியது இது. 45 நாளில் ஒரு வரி இல்லை.

வெளிநாட்டவர் திணறுவது இன்று நேற்றுக் கதை இல்லை என்பது ஒரு ஆறுதல். 1755இல் சாமுவேல் ஜான்சன் தன் அகராதியின் முன்னுரையிலேயே, வினைச்சொல்லின் பின்னால் ஒரு குட்டிச் சொல்லை ஒட்டி அர்த்தத்தை மாற்றும் இந்தப் பழக்கம்தான் அயலாருக்குப் பெரிய இடைஞ்சல் என்று எழுதிவைத்திருக்கிறார். 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயரே பரவலானது 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய பிறகுதான். நோய் பழசு, பேர்தான் புதுசு.

அப்புறம் நம் பள்ளிக்கூட ஆங்கிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நமக்கு 'போஸ்ட்போன்' தெரியும், 'புட் ஆஃப்' வராது. 'டாலரேட்' தெரியும், 'இன்வெஸ்டிகேட்' தெரியும், 'புட் அப் வித்', 'லுக் இன்டு' வராது. கஷ்டமான வார்த்தையை முதலில் படித்துவிட்டோம், அவர்கள் வீட்டுக் குழந்தை பேசுவது நமக்குப் புரியவில்லை. நான் பேசும் ஆங்கிலம் தாசில்தார் ஆபீஸ் கடிதம் மாதிரி இருக்கும் என்று என் பெண் கிண்டல் செய்வாள். உண்மைதான், தப்பில்லாத, விறைப்பான ஆங்கிலம். வேலை நடக்கிறது. கேட்கும்போதுதான் மாட்டிக்கொள்கிறேன், ஏனென்றால் எதிரில் இருப்பவர் என் வசதிக்காக 'போஸ்ட்போன்' என்று சொல்லப் போவதில்லை.

ஆபீஸுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டிருந்தால் நானே பத்து நிமிடத்தில் பட்டியல் கொடுத்திருப்பேன். ஒரு மாத மெயிலையும் போன் கால் குறிப்பையும் புரட்டினால் வருவது: 'ஃபர்ம் அப்', ஆர்டரை உறுதி செய்வது. 'ஹோல்ட் ஆஃப்', கொஞ்சம் பொறுத்து வைப்பது, கேன்சல் இல்லை, இதில் குழம்பினால் ஒரு கன்டெய்னரே துறைமுகத்தில் வாடகை கட்டிக்கொண்டு நிற்கும். 'கால் ஆஃப்', இது ரத்தேதான். 'ஃபால் த்ரூ', பேசி முடித்த பேரம் படியாமல் போவது. 'ஃபேஸ் அவுட்', பழைய மாடலைப் படிப்படியாக நிறுத்துவது. 'சேஸ் அப்', நின்றுபோன வேலையைத் துரத்திப் பிடிப்பது, இங்கிலாந்துக்காரர்கள் வாயில் அடிக்கடி வரும். 'ரன் இன்டு', பிரச்சினையில் மாட்டுவது, ஆனால் தெருவில் பழைய நண்பரை எதேச்சையாகச் சந்தித்தாலும் இதேதான். இவற்றில் கோர்ஸில் வந்தது நாலு. 'சேஸ் அப்' வரவே இல்லை, ஆனால் மூச்சு முட்டுகிற மாதிரி அபூர்வமான பத்து இருபது 'எஸ்' எழுத்தில் வந்தன.

இன்னொன்றையும் கோர்ஸ் கண்டுகொள்ளவில்லை: நாம் இங்கே சொல்வதற்கும் வெளியே புரிவதற்கும் உள்ள இடைவெளி. 'ஐ பாஸ்டு அவுட் இன் 2009' என்று இன்டர்வியூவில் சொல்லாத தமிழ்நாட்டு இன்ஜினியர் உண்டா? இங்கே அது படித்து முடித்தேன். அமெரிக்கக் காதுக்கு 2009இல் மயங்கி விழுந்தேன். இதில் நம்மை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது, ராணுவப் பயிற்சி முடிப்பதற்கு 'பாஸிங் அவுட் பரேட்' என்பது சரியான வழக்கு, சென்னை பரங்கிமலைப் பக்கம் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் இன்றும் அந்தப் பெயரில்தான் நடக்கிறது. காலேஜுக்கு மட்டும் வெளிநாட்டவரிடம் 'கிராஜுவேட்டட்' என்று சொல்லிவிட்டால் வம்பில்லை. பஸ்ஸிலிருந்து 'கெட் டவுன்' என்பதும் நம் 'இறங்கு'வின் நிழல், அவர்கள் 'கெட் ஆஃப்' என்பார்கள். பதில் அனுப்புவதற்கு நாம் எழுதும் 'ரிவர்ட் பேக்' பற்றிப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். பிடிஎஃப்பில் 'பாஸ் அவுட்' என்பதற்கு 'பட்டம் பெறு' என்று மட்டும் போட்டிருந்தார்கள், மயக்கம் காணோம்.

பிடிஎஃப்போடு ஒலிப்பதிவு என்று எதுவுமே கிடையாது. இது பெரிய குறை. எழுத்தில் 'பிக் இட் அப்' என்று மூன்று வார்த்தை, அவர்கள் வாயில் 'பிக்கிடப்' என்று ஒரே வார்த்தை. 'கெட் அவுட் ஆஃப் இட்' போனில் 'கெட்டவ்டவிட்' என்று வரும், நாம் அகராதியில் தேடிக்கொண்டிருப்போம். ஒவ்வொரு பிடிஎஃப்போடும் மேடத்தையே ஒரு நிமிடம் வாய்ஸ் நோட் போடச் சொல்லியிருந்தால் கோர்ஸின் தரம் இரண்டு மடங்காகியிருக்கும், செலவும் கிடையாது. வாட்ஸ்அப்பில்தானே நடத்துகிறார்கள்!

க்விஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் வந்த பத்தே ராத்திரி திரும்பி வரும், மறுநாளோடு மறந்துவிடலாம், முந்தின வாரத்திலிருந்து ஒரு கேள்விகூட வராது. சான்றிதழ் 45ஆம் நாள் தானாக வந்தது, க்விஸே எழுதாத ஒருவருக்கும் வந்தது, தங்க பார்டரோடு. பாதியில் விலகிய ஒரு பெண்மணி பணத்தைத் திருப்பிக் கேட்டார். முதல் 3 நாளுக்குள் கேட்டிருக்க வேண்டும் என்று பதில் வந்தது, விளம்பரத்தில் அப்படி எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அவரை குரூப்பிலிருந்தும் நீக்கிவிட்டார்கள்.

இதே வேலையை ஓசியில் எப்படிச் செய்யலாம் என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோர்ஸ் முடிந்தபின் நான் அப்படித்தான் செய்கிறேன். லாங்மேன், ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் இரண்டு அகராதிகளும் இணையத்தில் இலவசம். அவற்றில் ஃப்ரேசல் வெர்ப்பைத் தேடினால் வினைக்கும் துணைச்சொல்லுக்கும் நடுவே ஒரு இருமுனை அம்புக்குறி இருக்கும். அம்பு இருந்தால் பிரித்தும் சொல்லலாம், சேர்த்தும் சொல்லலாம், இல்லாவிட்டால் அங்கே காட்டியிருக்கும் வரிசையில்தான் சொல்ல வேண்டும். மேடம் ஒரு மணி நேரம் சொன்னது அந்த அம்புக்குறியில் அடக்கம். உச்சரிப்புக்கு பிபிசி லேர்னிங் இங்கிலீஷ், அதுவும் காசில்லை, மூன்று நான்கு நிமிட நிகழ்ச்சிகள் இருக்கின்றன, பஸ்ஸில் போகும்போது கேட்கலாம். மற்றபடி ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் வார்த்தை, அர்த்தம் என்று இரண்டு பத்தி போடாமல், யார், எப்போது, எதற்காக என்னிடம் சொன்னார் என்று ஒரு வரி எழுதுகிறேன். 'கோ ஓவர்' பக்கத்தில் மேனேஜரின் 'ஏனுங்க' இருக்கிறது. அதை இனிமேல் செத்தாலும் மறக்க மாட்டேன்.

அப்படியானால் இந்த கோர்ஸை யாராவது வாங்கலாமா? வீட்டில் பேச ஆளே இல்லாமல், வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது யாராவது நம்மை ஆங்கிலத்தில் பேசவைத்தால் போதும் என்று இருப்பவர்கள் ஞாயிறு வகுப்புக்காக வாங்கலாம். தனியாக அந்த வகுப்பை மட்டும் ரூ.500க்குக் கொடுப்பீர்களா என்று கேட்டேன், அப்படி ஒரு பிளான் இல்லை என்றார்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு அந்த ஏ டு இசட் பட்டியல் ஏதோ ஒரு விதத்தில் உதவலாம், அவர்களும் தமிழ் அர்த்தத்தை அகராதியில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு மனப்பாடம் செய்வது நல்லது. என்னைப் போல ஆபீஸ் போன் காலுக்காக வருபவர்கள் வேண்டாம். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், இரண்டும் மேடத்துக்கு.

போன வாரம் அவர்களிடமிருந்தே ஒரு மெசேஜ். அடுத்த கட்டமாக அட்வான்ஸ்டு ஃப்ரேசல் வெர்ப்ஸ் கோர்ஸ் வருகிறதாம், ரூ.2,499, முன்பே சேர்ந்தவர்களுக்குச் சலுகை. அதன் கீழே சிவப்பு எழுத்தில், 'டோன்ட் மிஸ் அவுட் திஸ் ஆஃபர்'. 'மிஸ் அவுட் ஆன்' என்று வர வேண்டும். 'ஆன்' இல்லாமல் 'மிஸ் அவுட்' பக்கத்தில் நேராக ஒரு பொருளைப் போட்டால் பிரிட்டிஷ் வழக்கில் விட்டுவிடு, சேர்க்காதே என்று அர்த்தம், எம் வரிசையில் அவர்கள் பிடிஎஃப்பிலேயே இருக்கிறது. நான் பதிலுக்கு 'ஆன்' என்று ஒரே ஒரு வார்த்தை அனுப்பினேன். உடனே பணம் கட்டுவதற்கான க்யூஆர் கோடு வந்தது.